கோப்பை மூட ஃபைனலைசர் போதுமா?

கேள்வி: எஸ்பிசிஎல் லிஸ்ப்பில் எழுதுகிறேன். திறந்த கோப்புகளை மூடும் வேலையை ஃபைனலைசரிடம் விட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு பொருளை இனி எதுவும் சுட்டவில்லை என்று குப்பை சேகரிப்பான் கண்ட பிறகே ஃபைனலைசர் ஓடும். சேகரிப்பான் பார்ப்பது நினைவகத்தை மட்டும்தான்; திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொடுவது அதற்குத் தெரியாது. நினைவகம் தாராளமாக இருக்கும்போதே நிரல் விழுந்துவிடலாம். கோப்புக்கு வித்-ஓப்பன்-ஃபைல், இப்படி உடனே மூட வேண்டிய மற்றவற்றுக்கு அன்வைண்ட்-புரொடெக்ட் பயன்படுத்துங்கள். பிழையால் பாதியில் வெளியேறினாலும் மூடும் வரி ஓடும்.

சி நூலகம் ஒதுக்கித் தரும் நினைவகம் போல, ஆயுள் முன்கூட்டித் தெரியாதவற்றுக்கு ஃபைனலைசர் சரி. ஆனால் அதற்குத் தரும் லாம்டா, ஃபைனலைசர் இணைத்த பொருளையே பிடித்திருந்தால் பொருள் ஒருபோதும் விடுபடாது; உள்ளிருக்கும் சுட்டியைத் தனி மாறியில் எடுத்து அதை மட்டும் கொடுங்கள். மணிக்கணக்கில் தேட வைக்கும் நினைவகக் கசிவுக்கு இந்தத் தவறும் காரணமாகலாம்.