சொல்லா, பொருளா?

ஆவடியில் 'டாங்க்' எங்கே இருக்கிறது என்று ஒருவர் உங்களைக் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? பருத்திப்பட்டு ஏரியைக் காட்டலாம். பழைய ஆங்கில நிலப்படங்களில் ஏரிக்கு அதுதான் பெயர். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைக் காட்டலாம். கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் போர் டாங்கியையும் சொல்லலாம். சொல் ஒன்று, பொருள் மூன்று. இதற்கு மாறாக, பூந்தமல்லி என்றாலும் பூவிருந்தவல்லி என்றாலும் ஊர் ஒன்றே!

இணையத் தேடுபொறிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் எழுத்துகளையே ஒப்பிட்டன. 'பூந்தமல்லி' என்று தேடினால், 'பூவிருந்தவல்லி' என்று மட்டும் எழுதிய பக்கம் அகப்படாது. இதையறிந்த சிலர், தம் பக்கம் முதலில் வரவேண்டும் என்பதற்காக ஒரே சொல்லைப் பலமுறை திணித்து எழுதினர்.

பொருளை வைத்துத் தேடும் எண்ணம் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூல் எதைப் பற்றியது என்பதைக் கூறுகளாகப் பிரித்துக் குறியீடு தந்தது. அதை மனிதர் செய்தனர். கணிப்பொறி எவ்வாறு செய்கிறது?

சொற்களை எண்களாக மாற்றித்தான்! 'நீர்', 'போர்' என்ற இரண்டு தன்மைகளுக்கு நாமே மதிப்பெண் இடுவோம். ஏரி (9, 1), குளம் (8, 1), டாங்கி (1, 9). இவற்றை வரைதாளில் குறியுங்கள். ஏரிக்கும் குளத்துக்கும் இடைத்தொலைவு 1. ஏரிக்கும் டாங்கிக்கும், பித்தகோரஸ் தேற்றப்படி, ஏறத்தாழ 11.3. பொருளில் நெருங்கியவை தாளிலும் நெருங்கி நிற்கின்றன அல்லவா?

கூகுள் நிறுவனம் 2019-இல் தேடலில் புகுத்திய 'பெர்ட்' போன்ற முறைகளில் இரண்டல்ல, நூற்றுக்கணக்கான எண்கள் உண்டு. எந்தச் சொல் எந்தச் சொற்களுக்கு அருகில் வருகிறது என்பதை ஏராளமான எழுத்துகளிலிருந்து பயின்று, பொறியே அவற்றைக் கண்டுகொள்கிறது. பக்கத்தில் 'தூர் வாருதல்' வந்தால், 'டாங்க்' ஏரியாகிவிடும்! ஆகவே சொற்களைத் திணிப்பது முன்போல் பயன் தருவதில்லை. தெளிவாக விளக்குவதே பயன் தரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நெருங்கியது எல்லாம் சரியானது ஆகாது. புழல் ஏரியைப் பற்றிக் கேட்டால், செம்பரம்பாக்கம் ஏரியின் விவரமும் வரக்கூடும். இரண்டும் பொருளில் அண்டை வீட்டார்! ஊரையும் ஆண்டையும் நீங்களே சரிபார்க்க வேண்டும். மேலும், பொறி பயில்வதற்கு ஆங்கிலத்தில் உள்ள அளவு எழுத்துகள் இணையத்தில் தமிழில் இல்லை. உங்கள் ஊர் ஏரியைப் பற்றி நீங்கள் நல்ல தமிழில் எழுதினால், அக்குறை சிறிது தீரும்.

செய்து பாருங்கள்: 'படி', 'ஆறு', 'மாலை' ஆகிய சொற்களை வெவ்வேறு பொருளில் வைத்து வாக்கியங்கள் எழுதுங்கள். பொருளைக் காட்டிக்கொடுத்த அண்டைச் சொல் எது? அதன்கீழ்க் கோடிடுங்கள்.