செம்பனைக் கரியை ஆராயும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

செம்பனை ஓட்டைக் கரியாக்கி, ரத்தச் சர்க்கரை உணரிக்கும் பேட்டரிக்கும் மின்முனை செய்யப் போவதாக மலேசியாவின் தங்காக்கிலிருந்து எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. ஒன்றை மட்டும் இப்போதே ஊன்றிக்கொள்: ஒரே கரி இரண்டு வேலைக்கும் ஆகாது.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடேற்றினால் அந்த ஓட்டுக் கரியில் கிராமுக்கு 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கும். அந்த எண்ணில் மயங்கிவிடாதே. லித்தியம் பேட்டரி முதன்முறை சார்ஜ் ஏறும்போது மின்பகுளி சிதைந்து கரியின் மேல் படலமாகப் படியும். பரப்பு கூடக் கூடப் படலமும் கூடும். அதில் சிக்கிய லித்தியம் திரும்பாது. கிராமுக்கு 372 மில்லியாம்பியர் மணி கொள்ளும் கிராஃபைட்டோடு அங்கே மோதாதே. சோடியம் பேட்டரிக்கு முயன்று பார். கிராஃபைட் அடுக்குகளுக்குள் சோடியம் எளிதில் நுழையாது, அடுக்குக் குலைந்த கடினக் கரியில் நுழையும். அதற்குப் பரப்பைப் பெருக்காமல், 1,000 பாகைக்கு மேல் காற்றுப் புகாமல் சுடு.

உணரியின் கணக்கே வேறு. 1987இல் வந்த பேனா வடிவச் சர்க்கரை மானியில், நொதி குளுக்கோசிடமிருந்து பறித்த எலக்ட்ரானை ஃபெரோசீன் சுமந்துவந்து கரியில் இறக்கியது. அங்கே தூய்மையும், சோதனைப் பட்டைக்குப் பட்டை மாறாத சீருமே பெரிது. ஓட்டுச் சாம்பலின் இரும்புத் துகள்கூடக் கரியின் திறமைபோல நடிக்கும். அமிலத்தில் நன்றாகக் கழுவு. கரியைப் பூசுமுன், கண்ணாடிக் கரி மின்முனையை 0.05 மைக்ரோன் அலுமினாக் கூழில், ஈரத் துணிமேல் எட்டுப் போடுவதுபோல் தேய். பிறகு ஃபெரிசயனைடில் இட்டு, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது தோன்றும் இரு மின்னோட்ட உச்சங்களுக்கு இடைவெளி 59 மில்லிவோல்ட்டை நெருங்குகிறதா பார். நெருங்காவிட்டால் மறுபடி தேய். தாங்கல் கரைசலில் வந்த அழகான கோட்டோடு நின்றுவிடாதே. ரத்தத்தில் வைட்டமின் சியும், மாத்திரை போட்டவர்களிடம் பாரசிட்டமாலும் இருக்கும். அவையும் கரியில் மின்னோட்டம் தரும்.

வழிகாட்டி வேண்டுமா? காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டுரைகளைப் படி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட இடம் அது.

2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே விகிதம் இன்னும் கூடுதல். மானியின் எண் பிசகினால் இன்சுலின் அளவு பிசகும். ஆகவே நன்றாக வேலை செய்த பட்டையோடு, தவறிய பட்டைகளையும் ஒன்றுவிடாமல் ஆய்வேட்டில் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்