குடும்பிமலைக்கு எத்தனை பெயர்?



கிரான் சந்தியிலிருந்து மேற்கே போகும் பாதையைப் பிடித்துப் பாலத்தைக் கடந்து, புலிபாய்ந்தகல்லையும் தாண்டிச் சென்றால், வட்டைகளுக்கும் காட்டுக்கும் அப்பால் தனித்து எழுந்து நிற்கும் ஒரு குன்றைக் காண்பீர்கள். தமிழராகிய நாம் அதைக் குடும்பிமலை என்கிறோம். தலையில் முடிந்த குடும்பிபோல் தோன்றுவதால் அப்பெயர். சிங்கள மக்கள் அதே குன்றைத் தொப்பிகல என்கின்றனர். அவர்கள் கண்ணுக்கு அது தொப்பி. ஆங்கிலேயருக்கோ அது தங்கள் நாட்டுப் பிரபு ஒருவரின் குல்லாயாகத் தெரிந்தது. அவர்களும் அப்படியே ஒரு பெயர் வைத்தார்கள்.

கல் ஒன்றுதான். பார்த்தவர்கள் மூவர். எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 2007-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அரச படையினர் அக்குன்றைக் கைப்பற்றியபோது உலகச் செய்திகளில் ஒலித்த பெயர் தொப்பிகல என்பதே. அதன் அடிவாரத்தில் மாடு மேய்த்தவர்களும் தேன் எடுத்தவர்களும் வழங்கிய பெயர் ஓரத்துக்குப் போயிற்று. ஒரு குன்றின் பெயரிலேயே இவ்வளவு இருக்குமாயின், முழுத் தீவின் பெயரில் எவ்வளவு இருக்கும்? இந்த வாரப் பாடம் அதைப் பற்றியதே.

ஒரே வீட்டில் பல பெயர்

நம் வீடுகளில் நடப்பதைக் கவனியுங்கள். அம்மம்மா 'சிலோன்' என்பார். தகப்பனார் 'இலங்கை' என்பார். பிள்ளை பாடசாலையில் 'ஸ்ரீ லங்கா' என்று பாடிவிட்டு வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமா தொலைபேசியில் 'ஈழம்' என்கிறார். பிள்ளை ஒருநாள், "எது சரி?" என்று கேட்கத்தான் செய்யும். விடை சொல்லப் பெற்றோர் ஆயத்தமாய் இருக்கவேண்டும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பண்டைய கிரேக்கர் இத்தீவைத் 'தப்ரபேன்' என்றனர். அரபு வணிகர் 'செரந்தீப்' என்றனர். 1505-இல் வந்த போர்த்துக்கேயர் 'சைலான்' என்ற ஒலியில் அழைத்தனர். அதுவே ஒல்லாந்தர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் திரிந்து 'சிலோன்' ஆயிற்று. தமிழில் இரு பெயர்கள் தொன்றுதொட்டு வழங்கின. சிலப்பதிகாரம் கயவாகு மன்னனைச் சொல்லுமிடத்தில் இலங்கை என்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழி வந்த பண்டங்களுள் ஈழத்து உணவைச் சொல்கிறது. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே ஈழத்துப் பூதன்தேவனார். 'ஈழம்' என்பது 'சீஹளம்' என்ற சொல்லின் திரிபு என்பாரும், அது தனித் தமிழ்ச் சொல்லே என்பாரும் உளர். எவ்வாறாயினும் அக்காலத்தில் அச்சொல் முழுத் தீவையும் குறித்தது என்பதை மனத்தில் வையுங்கள்.

மாறாத பெயரும் மாறிய மனமும்

வீட்டில் பழைய கடிதக் கட்டு இருந்தால், 1972-க்கு முந்திய தபால் முத்திரை ஒன்றையும் பிந்திய ஒன்றையும் எடுத்து அருகருகே வையுங்கள். ஆங்கிலத்தில் 'சிலோன்' போய் 'ஸ்ரீ லங்கா' வந்திருக்கும். சிங்களத்தில் 'லங்கா' என்பதன் முன் 'ஸ்ரீ' சேர்ந்திருக்கும். தமிழில் மட்டும் அன்றும் 'இலங்கை', பின்னரும் 'இலங்கை'. 'பாங்க் ஒப் சிலோன்' என்று ஆங்கிலத்தில் இன்றும் பழைய பெயரைச் சுமக்கும் நிறுவனம், நமக்கு என்றும் இலங்கை வங்கிதான்.

அப்படியானால், தமிழர் தம் மொழியில் பெயரே மாறாதிருக்க, மனத்தாங்கல் எங்கிருந்து வந்தது?

'ஸ்ரீ' என்பது தீய சொல்லா? இல்லை. நாம் 'திரு' என்பதையே அவர்கள் 'ஸ்ரீ' என்கிறார்கள். திருச்சபை, திருப்பலி, திருகோணமலை என்று நாளும் பொழுதும் அப்பொருளை நாமும் வாயில் வைத்திருக்கிறோம். ஆயினும் அச்சொல் நம்மிடம் வந்த வழி கசப்பானது. 1956-இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டம் வந்தது. 1957-இன் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாயிற்று. தமிழர் பகுதிகளில் அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள். தெற்கில் பெயர்ப்பலகைகளில் இருந்த தமிழ் எழுத்துக்குத் தார் பூசினார்கள். 1957 ஆடியில் கைச்சாத்தான பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 சித்திரையில் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின.

இந்த நினைவு ஆறுவதற்குள், 1972 மே 22-இல் குடியரசு அரசமைப்பு வந்தது. நாட்டின் பெயரின் முன் அதே 'ஸ்ரீ' வந்து நின்றது. அந்த அரசமைப்பை ஆக்கிய சபையிலிருந்து தமிழரசுக் கட்சியினர், தம் மொழிக் கோரிக்கை ஏற்கப்படாமையால், முந்திய ஆண்டே வெளியேறிவிட்டனர். பெயரிடும் வேளையில் அவர்களின் ஆசனங்கள் வெறுமையாய் இருந்தன. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29-ஆம் பிரிவும் இல்லாமற் போயிற்று. ஆகவே மனத்தைப் புண்படுத்தியது அந்த மங்கலச் சொல்லன்று. நம்மைக் கேளாமல் நமக்கும் சேர்த்துப் பெயரிட்டதே புண்படுத்தியது.

அதற்கு எதிரொலியும் வந்தது. 1976 மே 14-இல் வட்டுக்கோட்டையில் தனி அரசு கோரும் தீர்மானம் நிறைவேறியது. 'தமிழீழம்' என்பது அரசியற் பெயராயிற்று. முழுத் தீவையும் குறித்த ஈழம் என்ற பழஞ்சொல் இவ்வாறு தீவின் ஒரு பகுதியைக் குறிக்கும் சொல்லாய்ச் சுருங்கியது. பின்னாளில் அச்சொல்லைக் கேட்டாலே ஒரு சாரார் அஞ்சினர். மறு சாரார் அதற்காக உயிரையும் கொடுத்தனர். ஆனால் ஒன்றைக் கவனிப்பீர்களாக. புலவர் மு. நல்லதம்பி தமிழில் ஆக்கிய நம் தேசிய கீதத்தின் இறுதிப் பகுதியில் ஈழம் என்ற சொல் இன்றும் இருக்கிறது. அது முழு நாட்டையும் குறித்தே நிற்கிறது. 2016 பெப்ரவரி 4-ஆம் நாள் சுதந்திர தின விழாவில் அக்கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது, ஸ்ரீ லங்காவும் ஈழமும் ஒரே பாட்டில் ஒலித்தன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அயர்லாந்தில் நடந்தது

இத்தகைய சங்கடம் நமக்கு மட்டும் வந்ததன்று. புனித பத்திரிசியாரின் நாடாகிய அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1920-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அத்தீவு அடுத்த ஆண்டில் இரண்டாயிற்று. 32 மாவட்டங்களுள் 6 வடக்கில் பிரித்தானியாவோடு நின்றன. மீதி 26-உம் 1922-இல் தனி அரசாயின.

அன்றே பெயர்ச் சிக்கலும் பிறந்தது. 'வடக்கு அயர்லாந்து' என்கிறோம். ஆனால் தீவின் வடமுனை இருக்கும் டொனெகால் மாவட்டம் 'தெற்கு' அரசில் இருக்கிறது! வடக்கில் பிரித்தானியச் சார்பினர் தங்கள் பகுதியை 'அல்ஸ்டர்' என்பர். பழைய அல்ஸ்டர் மாகாணத்தின் 9 மாவட்டங்களுள் மூன்று எல்லைக்கு அப்பால் உள்ளன. ஐரிஷ் தேசியவாதிகள் பலர் 'வடக்கு அயர்லாந்து' என்று சொல்ல மனமின்றி 'ஆறு மாவட்டங்கள்' என்பர். தெற்கு அரசு தன் 1937-ஆம் ஆண்டு அரசமைப்பில் நாட்டின் பெயர் ஐரிஷ் மொழியில் 'ஏரே', ஆங்கிலத்தில் 'அயர்லாந்து' என்று எழுதியது. முழுத் தீவின் பெயரை ஒரு பகுதிக்கு எப்படிக் கொடுப்பது என்று லண்டன் தயங்கியது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் 'ஏரே' என்றது; 1949-க்குப் பின் 'அயர்லாந்துக் குடியரசு' என்றது. அயலவர் தன்னை அழைத்த பெயரை அங்கீகரிக்க இவ்வளவு தயக்கம்!

வடக்கிலே ஒரு நகரம் உண்டு. ஐரிஷ் பெயரின் வழிவந்தது 'டெரி'. 1613-இல் அரச சாசனம் அதற்கு முன் 'லண்டன்' என்பதைச் சேர்த்து 'லண்டன்டெரி' ஆக்கியது. ஒருவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே அவர் எந்தப் பக்கத்தவர் என்று மற்றவர் கணக்குப் போடுவர். இரண்டு பெயரையும் நடுவே கோடிட்டு எழுதுவதால், வேடிக்கையாக அதைக் 'கோட்டு நகரம்' என்பவர்களும் உண்டு. ஆனால் காரியம் வேடிக்கையாய் இருக்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் 3,500-க்கு மேற்பட்டோர் அந்த மோதலில் மாண்டனர்.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கிழமை அன்று ஓர் உடன்பாடு எட்டியது. எந்தப் பெயர் சரி என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. வடக்கில் பிறந்த எவரும் தம்மை ஐரிஷ் என்றோ, பிரித்தானியர் என்றோ, இரண்டும் என்றோ கொள்ளலாம். அது அவர் பிறப்புரிமை என்று அது ஒப்புக்கொண்டது. தெற்கும் முழுத் தீவையும் தன் ஆட்சிப் பரப்பென்று உரிமை கோரிய அரசமைப்புப் பிரிவுகளை மாற்ற இசைந்தது. இரு பகுதி மக்களும் இதற்கு வாக்களித்த நாள் 1998 மே 22. நம் நாடு பெயர் மாறிய அதே மே 22! அங்கே பிணக்குகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நகரத்துக்கு இன்னும் இரண்டு பெயர்தான். ஆனால் பெயருக்காகக் கொல்வது பெரும்பாலும் ஓய்ந்தது.

நாம் பிறருக்கு இட்ட பெயர்கள்

இதுவரை பிறர் செய்த பிழையைப் பேசினோம். இனி நம்மை நாமே ஆராய்வோம்.

கிரானுக்குத் தெற்கே ஏறாவூர், வடக்கே ஓட்டமாவடி. இரண்டும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்கள். தமிழ் பேசுவதால் அவர்களும் இனத்தால் தமிழரே என்று 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன் ஆய்வுரை எழுதினார். தங்களைக் கேளாமல் தங்கள் அடையாளத்தைப் பிறர் தீர்மானித்ததை அச்சமூகம் ஏற்கவில்லை. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907-இல் மறுப்பு நூல் எழுதினார். அந்த வடு நெடுங்காலம் இருந்தது. 'ஸ்ரீ' எழுத்து நமக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் அவர்களுக்கு இதுவும் இருந்திருக்கும்.

மலைநாட்டில் தேயிலைக்கும் கோப்பிக்கும் உழைத்த மக்களை 'இந்தியத் தமிழர்' என்று அரசாங்கம் பதிந்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அவர்கள் தம்மை மலையகத் தமிழர் என்கின்றனர். நம்மவர் வாயிலோ 'தோட்டக்காட்டான்' என்ற சொல் வந்ததுண்டு. 'மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைப்பர்' என்று வெளியூரார் சொல்லும்போது நமக்கு எப்படி இருக்கிறது? அதே வேதனைதான் அவர்களுக்கும்.

பெயர் ஒன்று பரிசோதனைக் கருவியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை விவிலியம் காட்டுகிறது. நீதித்தலைவர்கள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையைக் கடக்க வந்த எப்ராயிமரைக் கிலயாத்தியர் ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். நா பிறழ்ந்தவர் கொல்லப்பட்டனர். இரு திறத்தாரும் இஸ்ரயேலரே, சகோதரரே. 1983 ஆடியில் கொழும்பு வீதிகளிலும் வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி ஆளைப் பிரித்தறிந்தார்கள். துறைகளும் சோதனைச் சாவடிகளும் கண்ட நமக்கு அந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

நாம் செய்யத்தக்கது

மட்டக்களப்பு வாவியின் இரு கரைக்கும் நம் முன்னோர் இட்ட பெயரை எண்ணுங்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. இரண்டு பெயரும் நிலைத்தன. ஒன்று மற்றதை விழுங்கவில்லை. மாரியில் வெள்ளம் ஏறிக் கிரான் பாதை மூழ்கும்போது தோணிக்காரர் எந்தக் கரையாரென்று பார்த்தா ஏற்றுகிறார்? நீர் பிரித்த இடத்தில் தோணி இணைக்கிறது.

ஞானஸ்நானத்தின்போது நடப்பதையும் எண்ணுங்கள். குருவானவர் பிள்ளைக்குத் தாமாக ஒரு பெயர் வைப்பதில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்று பெற்றோரிடம் முதலில் கேட்கிறார். அவர்கள் சொன்ன பெயரைச் சொல்லியே தண்ணீர் வார்க்கிறார். பெயரைக் கேட்டு அறிந்து, அந்தப் பெயராலேயே அழைப்பது: நீதியின் முதற்படி அதுவே. நாடுகளுக்கும் இனங்களுக்கும் அது பொருந்தும்.

ஆகவே பிள்ளை "எது சரி?" என்று கேட்டால், எல்லாப் பெயரின் கதையையும் சொல்லுங்கள். இலங்கை என்பது நம் மொழியில் இந்நாட்டின் பெயர். அதை உரிமையோடு சொல்லட்டும். ஈழம் நம் பழஞ்சொல். அதற்காக வெட்கவோ அஞ்சவோ வேண்டாம், பிறரை வெறுக்கவும் வேண்டாம். சிங்களச் சகோதரர் 'ஸ்ரீ லங்கா' என்று அன்போடு சொல்லும்போது முகம் சுளிக்க வேண்டாம். அவர்கள் நண்பர்களோடு குடும்பிமலையைக் காணப்போனால், தொப்பிகல என்ற பெயரையும் அறிந்து போகட்டும். குடும்பிமலை என்ற பெயரையும் சொல்லிக்கொடுத்து வரட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் ஊரில் இரண்டு பெயர் வழங்கும் இடங்கள் எவை? ஒவ்வொரு பெயரையும் யார் வழங்குகிறார்கள்?

2. அயலவரைக் குறிக்க நாம் வீட்டில் வழங்கும் சொல்லை, அவர் முன்னிலையில் சொல்லத் துணிவோமா?

3. அவர்கள் தங்களை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்று என்றாவது கேட்டிருக்கிறோமா?