ஆலயப் பதிவுகளை எண்ணிமப்படுத்தல்: தொடங்கும் வழி

எந்தக் கிராமத்துக் கோயிலிலும் ஒரு பழைய அலுமாரி இருக்கும். பரிபாலன சபைக் கூட்ட அறிக்கைப் புத்தகங்கள், காணி உறுதிகள், உபயகாரர் பட்டியல், திருவிழா விஞ்ஞாபனங்கள், கும்பாபிஷேக மலர்கள், புகைப்படங்கள், சில இடங்களில் ஏட்டுச்சுவடிகள் என எல்லாம் அதற்குள் கிடக்கும். திறப்பு யாரிடம் என்பதே சில வேளை பெரிய கேள்வி.

இவை எவ்வளவு இலகுவில் இல்லாமற் போகும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கையிற் கொண்டுபோகக் கூடியதையே சனங்கள் கொண்டுபோயினர். எஞ்சியவற்றைக் கறையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்கின்றன.

எண்ணிமப்படுத்தல் என்பது ஒரு பொருளைப் படமாக்கிக் கணினியில் சேமித்து, அது இன்னதென்ற விபரத்தையும் அதனுடன் சேர்த்து வைத்தலாகும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்கள், பத்திரிகைகளுடன் ஆலய மலர்கள் பலவற்றையும் இவ்வாறு செய்து இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தருகின்றது.

கருவி வாங்குமுன் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம். எதிரே அதன் பெயர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, தற்போதைய நிலை, யாரிடமிருந்து வந்தது என்ற விபரம். இலிகிதராக வேலை செய்தவர்களுக்குத் தெரியும், இலக்கமில்லாத கோவை இல்லாத கோவைதான்.

எதை முதலிற் செய்வது? உறுதியை என்பர் பலர். எனது எண்ணம் வேறு. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும் தேடலாம். பழைய தேர்த்திருவிழாப் படத்தில் வடம் பிடித்து நிற்பவர்கள் யாரென்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் மிகச் சிலரே. அவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். ஆகவே புகைப்படங்களை முதலில் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் இலக்கத்தை மாத்திரம் இடுங்கள்.

தனித்தாள்களுக்கு மேசை ஸ்கானர் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி, சிறிய புகைப்படத்துக்கு 600, எல்லாம் வர்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் முத்திரையும் பின்னர் செய்த திருத்தங்களும் மறைந்துபோகும். கட்டிய புத்தகத்தை ஸ்கானரில் அழுத்தி முதுகை உடைக்காதீர்கள். கமராவை மேலே பொருத்தி, பிளாஷ் இன்றிப் பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம். ஏட்டுச்சுவடிக்கு இரு பக்கமும் வேண்டும், அருகில் ஓர் அடிமட்டமும் இருக்கட்டும். இதழ்களின் ஒழுங்கைக் குலைக்க வேண்டாம். திருநீறு, சந்தனம் பட்ட கையைக் கழுவி உலர்த்தாமல் எதையும் தொடக்கூடாது. செலோடேப்பும் லமினேட்டும் மருந்தல்ல, நஞ்சு.

முழுத்தர மூலப்படத்தை 'டிஃப்' வடிவிலும், வாசிப்புக்கு 'பீடிஎப்' வடிவிலும் வையுங்கள். ஒரு ஏ4 பக்கம் 300 புள்ளியில் சுமார் 26 மெகாபைட் வரும். ஒரு டெராபைட் வன்தட்டில் 38,000 பக்கம் வரை கொள்ளும். கோப்பின் பெயரில் கொப்பியிலுள்ள இலக்கமும் பக்க எண்ணும் இருந்தால் போதும். மூன்று பிரதிகள் அவசியம். இரண்டை ஊரில் வெவ்வேறு இடங்களிலும் ஒன்றைக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். இருபது ஆண்டுக்கு முன் எழுதிய சீடீக்கள் பல இன்று திறப்பதில்லை.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றவும் கூடாது. உறுதிகளும் அடையாள அட்டை இலக்கமுள்ள தாள்களும் சபையிடமே இருக்கட்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி எழுதியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. மலர்க் கட்டுரையாளரிடமோ அவர் குடும்பத்திடமோ ஒரு வரி சம்மதம் எழுதி வாங்குதல் நன்று. படமெடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடவும் கூடாது.

அடியார்களின் வீடுகளில் பழைய திருவிழா நோட்டீஸ், உபயப் பற்றுச்சீட்டு, தேர்ப் படம் ஏதும் இருப்பின் ஆலய அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். படமெடுத்தபின் மூலம் அன்றே கையளிக்கப்படும்.