நெட் வரலையா? தேதியைப் பாருங்க!

தோழிகளே, 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டம் உங்களுக்குத் தெரியும். எங்க அக்கா பிளஸ் டூ படிக்கும்போது 2014-ல் வாங்கியது, இங்கே தொரப்பள்ளி வீட்டில் பரண்மேல் தூங்கியது. ஊரகத் திறனாய்வுத் தேர்வில் தேர்வானால் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 1000 ரூபாய். பழைய வினாத்தாள் பார்க்கணும்னு அதை இறக்கினேன்.

வைஃபை பெயரே காட்டவில்லை. பழைய லேப்டாப் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். எங்க ரூட்டரில் 5 மட்டும் ஓடியது. 2.4-ஐயும் ஆன் பண்ணினேன், சேர்ந்தது.

ஆனால் ஒரு தளமும் திறக்கலை! 'பாதுகாப்பு இல்லை' என்றே வந்தது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"தேதியைப் பாருடி, 2013 ஜனவரி 1!" என்றாங்க அக்கா.

இணையதளங்களுக்குச் சான்றிதழ் உண்டு. எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2013-ல் நிற்கும் லேப்டாப்புக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. எப்படி நம்பும்? தேதியைத் திருத்தினேன், திறந்தது.

மறுநாள் மறுபடியும் 2013! அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரி. அது தீர்ந்துபோச்சாம். ஓசூர் போகும்போது மாற்றித் தருவதாக அப்பா சொல்லியிருக்கார். அதுவரை தினமும் முதலில் தேதி, அப்புறம் வினாத்தாள். இரண்டு முடிச்சிட்டேன்.