செம்புக் குண்டும் காண்டர் கழுகும்

கேள்வி: அமெரிக்காவில் எல்க் மான் வேட்டைக்கு ஈயத்தை விலக்கிச் செம்புக் குண்டு வாங்கச் சொல்கிறார்களே, ஏன்? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஈயக் குண்டு மிருகத்தின் உடலில் பாய்ந்ததும் நுண்துகள்களாகச் சிதறுவதாலும், வேட்டைக்காரர் கானகத்தில் விட்டுப்போகும் குடலைத் தின்னும் பறவைகளின் இரத்தத்தில் அத்துகள்கள் விஷமாக ஏறுவதாலும், 1982-இல் 22 மட்டுமே எஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டர் என்னும் பிணந்தின்னிக் கழுகினத்துக்கு இவ்வுலோகம் பரம சத்துருவாயிற்று. கலிபோர்னியா 2013-இல் இயற்றிய சட்டம், 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத்தை அறவே விலக்கிவிட்டது. அரிசோனாவோ நிர்ப்பந்தம் செய்யாமல், கைபாப் பீடபூமியில் வேட்டையாடுவோருக்கு ஈயமற்ற தோட்டாக்களை இலவசமாகவே வழங்கியது. எனக்கு இந்த மார்க்கமே உசிதமாகப் படுகிறது.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்ததாதலால், அதே எடையுள்ள குண்டு நீளமாகி, குழலின் உட்புறச் சுழல்வரிகள் அதற்குப் போதிய சுழற்சியைத் தராமல் போகக்கூடும்; ஆகவே .30-06 துப்பாக்கியில் 180 கிரெயின் ஈயக் குண்டை உபயோகித்தவர், 165 அல்லது 150 கிரெயின் செம்பை எடுத்துக்கொள்வதே பொருத்தம். லேசான குண்டு வேகமாகவும் போகும். வேகம் தணிந்தாலோ, செம்பின் குழிந்த முனை விரியாமல் ஊசிபோல் துளைத்துச் சென்றுவிடுமாகையால், தயாரிப்பாளரின் வேக அட்டவணையைப் பார்த்து, வினாடிக்குச் சுமார் 2,000 அடிக்குக் கீழே இறங்கும் தூரத்துக்கு அப்பால் சுடாதிருப்பது நலம். விலை சற்றுக் கூடுதல்தான். பழைய குண்டுகள் விட்ட படிவைக் குழலிலிருந்து நன்றாகத் துடைத்தெடுத்த பிறகே, புதியதை இலக்குப் பலகையில் சோதித்துப் பாருங்கள்.