மரத்தைத் தின்னும் காளான் பொலித்தீனையும் தின்னுமா?



கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது, பேலியகொடை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தளுகமையில் களனிப் பல்கலைக்கழகத்தைக் காணலாம். வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகள் பலர் பார்த்த இடம்தான். அங்குள்ள ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி இம்முறை படிப்போம்.

மலையில் விழுந்து கிடக்கும் மரக்குற்றியில் காளான் பூக்கும். வருஷங்கள் போனால் குற்றி கையால் நசுக்கும் அளவுக்கு உக்கிப் போகும். ஏன்? மரத்துக்குப் பலம் கொடுப்பது லிக்னின் என்ற பொருள். அது சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி. எளிதில் எந்த உயிரும் அதை உடைக்காது. காளான் இனமான சில பங்கசுக்கள் தம் உடலுக்கு வெளியே நொதியங்களைக் கசியவிடும். அவை ஒட்சியேற்றம் செய்து அந்தச் சிக்கைத் துண்டு துண்டாக அறுக்கும். பிறகு பங்கசு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

பொலித்தீனும் நீண்ட காபன் சங்கிலிதான். அப்படியென்றால் லிக்னினை அறுக்கும் நொதியம் இதையும் அறுக்குமா? இதைத்தான் அவர்கள் சோதித்தார்கள். பொலன்னறுவை மாவட்டத்துத் திம்புலாகலைக் காட்டில் உக்கிய மரங்களிலிருந்து பங்கசுக்களை எடுத்து, பொலித்தீன் துண்டுகளோடு வளர்த்தார்கள். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. சில இனங்கள் பொலித்தீனின் எடையைக் குறைத்தன; பிளெபியோப்சிஸ் என்ற இனம்தான் முதலிடம். சில வாரங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு குறைந்தது.

"அப்போ பையைக் காளான் முளைச்ச இடத்துல போட்டா போதுமே?" என்று நீங்கள் கேட்கலாம். போதாதுங்க. அது ஆய்வுகூடத்தில், தெரிந்தெடுத்த பங்கசுவைக் கொண்டு செய்தது. லயத்துக்குப் பின்னால் எறிந்த பை பல வருஷம் அப்படியேதான் கிடக்கும். மழை வந்தால் கானை அடைக்கும். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

இன்னொன்று. ஈர விறகு பிடிக்க வேண்டுமென்று அடுப்பில் பொலித்தீனைப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் புகையைச் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கும் அம்மாவும், இடுப்பில் இருக்கும் பிள்ளையும்தான். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். விறகைக் கூரைக்குக் கீழே காயவைத்து, சிறு சுள்ளியால் பற்றவையுங்கள்.

2017 செப்டெம்பரில் அரசாங்கம் லஞ்ச் ஷீட்டுக்குத் தடை போட்டது. மலைக்குச் சாப்பாடு கொண்டுபோக வாழையிலையும் சோற்றுப் பெட்டியும் இருக்கவே இருக்கின்றன. நாற்றுமேடைப் பைகளைக் கிழித்து மண்ணில் விடாமல், எண்ணிச் சேர்த்து ஒரு சாக்கில் கட்டிவைப்போம்.

விஞ்ஞானம் ஒருநாள் வழி காட்டும். அதுவரைக்கும் குப்பை நம் பொறுப்பு.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்:
1. மரத்துக்குப் பலம் தரும் பொருள் எது?
2. பங்கசு அதை எப்படி உடைக்கிறது?
3. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் எத்தனை பொலித்தீன் பை சேர்கிறது? எண்ணிப் பாருங்கள்.